தலைவரம்மா வீட்டு மோட்டார்

ஊரே அவளைத் தலைவரம்மா என்கிறது. எனக்கு அவள் கொழுந்தன் பெண்டாட்டி பாண்டீஸ்வரி, அவ்வளவுதான். இந்தக் குடும்பத்துக்கு முதலில் மருமகளாக வந்தவள் நான். குலசாமி கோயிலில் பொங்கல் பானையில் முதல் கை அரிசி போடுவது நான். ஆனால் பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்களுக்கு என்று வந்ததும், "அவ பிளஸ் டூ படிச்சவ, அவளையே நிப்பாட்டுவோம்" என்று என் வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை.

காந்தி ஜெயந்தி கிராமசபைக்கு எல்லாருக்கும் முந்திப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட வளாகத்தில் மேசை போட்டிருந்தார்கள். நாற்காலியில் அவள். மயில்கழுத்து நிறச் சேலை வேறு. சின்னமனூர்க் கடையில் அந்தச் சேலையை முதலில் கையில் எடுத்தது நான்.

கீழத்தெரு கருத்தம்மாள் எழுந்து குடிதண்ணீர்ப் பிரச்சினையை ஆரம்பித்தாள்.

"எங்க தெருவுக்குச் சொட்டுத் தண்ணி வரல. மேல இருக்கவுக குழாயில மோட்டார மாட்டி உறிஞ்சிர்றாக."

இதற்காகத்தான் காத்திருந்தேன். தண்ணீர் திறந்துவிட்டதும் பாண்டீஸ்வரி வீட்டிலிருந்து 'உர்ர்' என்று ஒரு சத்தம் தினமும் வரும். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான்.

"ஊரார் வீட்டப் பாக்குறதுக்கு முந்தி தலைவர் வீட்டப் பாருங்க! தண்ணி வந்தாப் போதும், அங்கன மோட்டார்ச் சத்தம் காதப் பொளக்குது" என்றேன்.

கூட்டம் சலசலத்தது. அவள் முகம் வாடிப்போனது.

"அக்கா, ஒரு வாரம் டைம் குடுப்போம். மாட்டியிருக்கவுக அவுகளாவே கழட்டிரட்டும்" என்று கெஞ்சுவது போல என்னையே பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

"ஒரு வாரத்துல நீ ஒளிச்சிருவ. இன்னைக்கே பாக்கணும். யார் வீடா இருந்தாலும் மோட்டார் இருந்தா இணைப்ப வெட்டணும். போடுங்க தீர்மானத்த!"

முதலில் கை தூக்கியது நான். கூட்டம் முழுக்கக் கை தூக்கியது. தூக்காதவள் அவள் ஒருத்திதான்.

கையை இறக்கும்போதுதான் எங்கள் மாட்டுத்தொழுவம் நினைவுக்கு வந்தது. தென்னை மட்டைகளுக்கு அடியில் என் வீட்டுக்காரர் மாட்டி வைத்திருந்த மோட்டாரும் நினைவுக்கு வந்தது. சத்தியமாக மறந்துதான் போயிருந்தேன். அவள் வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு என் வீடு எங்கே ஞாபகம் இருக்கும்?

தண்ணீர் திறந்துவிடும் தங்கப்பாண்டி முன்னால் போக, ஊரே பின்னால் போனது. அவள் வீட்டுக் குழாயடியில் ஒரு குடமும் பிளாஸ்டிக் வாளியும் இருந்தன. மோட்டார் இல்லை. மூலையில் புது வாஷிங் மெஷின். அதன் சுவிட்சைத் தட்டினார்கள். உர்ர்.

அந்த நிலைமையிலும் எனக்கு முதலில் தோன்றியது, இவள் எப்போது வாஷிங் மெஷின் வாங்கினாள் என்பதுதான்.

அடுத்தது எங்கள் வீடு. தங்கப்பாண்டி மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான்.

"என்ன மதினி, காதப் பொளந்தது இந்தச் சத்தந்தானா?" என்று கருத்தம்மாள் சிரித்தாள். என் கண் முன்னாலேயே இணைப்பை வெட்டினார்கள்.

நடுச்சுவர் அவளுக்கும் சேர்த்துத்தானே. என் மோட்டார்ச் சத்தம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒரு வாரம் கேட்டது எனக்காகத்தான். ஊர் சிரித்ததைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் அதே மயில்கழுத்துச் சேலையில் இடுப்பில் குடத்தோடு வந்தாள், தெரு வழியாகவே. வாசலில் நின்ற பெண்கள் "தலைவரம்மா மனசு யாருக்கு வரும்?" என்று பேசிக்கொண்டது எனக்கு நன்றாகக் கேட்டது. உலை வைக்க வீட்டில் தண்ணீர் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்குக் கொண்டாந்தா கொல்லப்பக்கமா வா" என்றேன்.

"சரிக்கா" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.