அசையாமல் நின்ற நட்சத்திரம்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அவளுக்கு வீட்டில் வாயாடி என்றே பெயர். அண்ணன் கட்டிக்கொண்டு வந்த அண்ணியோ அதற்கு நேர்மாறு; கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். அண்ணியின் வேலை கம்ப்யூட்டருக்குள் வானத்தை ஓட்டுவது. எந்த ஊரில் நின்று எப்போது அண்ணாந்து பார்த்தாலும் எந்த நட்சத்திரம் எங்கே, என்ன நிறத்தில், எவ்வளவு பளிச்சென்று தெரியும் என்று அவள் எழுதும் மென்பொருள் காட்டும்.

"நாள் முழுக்கப் புள்ளியையே பார்க்கறீங்களே அண்ணி, கண்ணு பூத்துப் போகாதா?" என்று வாயாடி சீண்டுவாள்.

"போனா உன் கடைக்கு வர்றேன்." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் புதுக் கோளரங்கத்தில் அந்த மென்பொருளுக்குச் சோதனைக் காட்சி. வீட்டு ஆட்களும் வரலாம் என்றார்கள். அண்ணனுக்கு டியூட்டி இருந்ததால் வாயாடி போனாள். குவிந்த கூரை இருட்டியதும் நட்சத்திரங்கள் வாரி இறைத்ததுபோல் வந்து நின்றன. அடிவானத்தை ஒட்டியவை துடித்துத் துடித்து மின்னின. உச்சியில் இருந்தவை அவ்வளவாக அலையவில்லை.

"கீழ பார்க்கும்போது நடுவுல காத்து ஜாஸ்தி, அதான்" என்று காதோரம் சொல்லிவிட்டு, அண்ணி காலத்தை முடுக்கினாள்.

ஆண்டுகள் லட்சம் லட்சமாக ஓடின. கலைத்துவிட்ட எறும்புகள்போல நட்சத்திரங்கள் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தன. கரண்டிபோல் இருந்த சப்தரிஷி மண்டலம் கோணிக்கொண்டு போய், இருந்த சுவடே தெரியவில்லை.

அப்போது காலியாகக் கிடந்த ஓரிடத்தில் ஒரு புள்ளி முளைத்தது. சுற்றி எல்லாம் ஓட, அது மட்டும் நின்ற இடத்தில் நின்றபடி பளிச்சிட்டுக்கொண்டே வந்து, பக்கத்தில் இருந்ததையெல்லாம் மங்கடித்தது. பிறகு சட்டென்று விலகி ஓடி மறைந்தது.

கோளரங்க மேனேஜர் விளக்கைப் போடச் சொன்னார். "என்னம்மா இது? நிக்கற நட்சத்திரத்துக்கு எப்படி வெளிச்சம் ஏறும்? கோளாறு. தூக்கிடுங்க. அடுத்த வாரம் திறப்பு விழா, மானம் போயிடும்."

"கோளாறா இல்லையான்னு எனக்கே தெரியல சார்" என்றாள் அண்ணி. "பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தூக்க மாட்டேன்."

அத்தனை பேர் முன்னால் 'தெரியல' என்பதை இவ்வளவு நிமிர்ந்து சொல்ல முடியுமா என்று வாயாடி வாய்பிளந்தாள்.

காட்சி முடிந்ததும் வாயாடியோடு கோளரங்கத்து மாடி அறைக்குப் போய், அந்த நட்சத்திரத்தின் அளவுகளைத் தோண்டியெடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்த அண்ணி, திடீரென்று சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே நேர்ரோடு. தூரத்தில் ஒரு பஸ்.

"அது நகருதா பாரு."

"நிக்கற மாதிரிதான் இருக்கு. ஐயோ, இல்ல! பெருசாகுது!"

"அதேதான். நம்மள நோக்கி நேரா வர்றது பக்கவாட்டுல நகராது, பெருசாத்தான் ஆகும்; நட்சத்திரம்னா வெளிச்சம் ஏறும். கிட்ட வந்ததும் சட்டுனு தாண்டிப் போயிடும். பழைய மென்பொருள்ல நட்சத்திரத்தையெல்லாம் கூரையில ஒட்டின மாதிரி பக்கவாட்டுல மட்டும்தான் தள்ளுவாங்க. நான் அதுங்களுக்குத் தூரத்தையும், கிட்ட வர்ற வேகத்தையும் குடுத்தேன். இதை வான்னு நான் கூப்பிடல. தானாவே வந்திருக்கு!"

அண்ணி இவ்வளவு பேசி வாயாடி கேட்டதே இல்லை. தேடிப் பார்த்தால், வானியல் ஆய்வாளர்களும் அதன் வருகையை முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். மேனேஜரிடம் காட்டினார்கள். அவர் நெடுநேரம் படித்துவிட்டு, "தூக்காதீங்கம்மா. காட்சியை இதுலயே முடிப்போம்" என்றார்.

திறப்பு விழாவன்று அந்தப் புள்ளி முளைத்தபோது அரங்கமே அண்ணாந்து அதையே பார்த்தது. இருட்டில் யாரோ கேட்டார்: "நம்ம மேல மோதுமா?"

"மோதாது. தள்ளி நின்னு முகம் காட்டிட்டுப் போயிடும்" என்றாள் அண்ணி.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளைத் தட்டி, "எங்க அண்ணி" என்றாள் வாயாடி. அதற்குமேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.