பூஜ்யம் போட்ட பிரேக்கர்

எந்தத் துணை மின்நிலையத்தில் எந்தக் கருவி, எப்போது, எத்தனை நிமிடம் படுத்தது என்று படிவங்களை வாங்கிக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அதிகம் படுக்கிற கருவிக்குத்தான் மாற்று கிடைக்கும். இந்த ஆண்டு, கோளாறு வந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் பிரேக்கர்கள் ஐந்து புதிதாக வருகின்றன. பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை மூடிவிடுவார்கள்.

வியாழக்கிழமை அந்தப் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்றாம் எண் பிரேக்கர், ஆண்டு முழுவதும் பழுது பூஜ்யம். அந்த நிலையத்து ஆபரேட்டர்களில் படிவம் எழுதி அனுப்புகிறவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டுக்கும் என் அலுவலகத்துக்கும் மின்சாரம் வருவது அதன் வழியாகத்தான். மாதம் நாலைந்து தடவை அது விழுந்து மின்சாரம் போகிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பொத்தானை அழுத்தினால் அது மசியாது. வெளியே போய், பக்கத்தில் நின்று, கையால்தான் போட வேண்டும். அதே வகை பிரேக்கர் போன வருடம் இன்னோர் இடத்தில் வெடித்து, ஓர் ஆபரேட்டரின் இரண்டு கைகளும் வெந்துபோயின. அந்தப் படிவத்தையும் நான்தான் ஏற்றினேன். அன்றிலிருந்து விளக்கு அணைந்தால் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடும்.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்தேன்.

“ஏங்க, பூஜ்யமா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?”

“ரெண்டு நிமிஷம் போயிட்டு வர்றதெல்லாம் ஒரு பழுதா? அதுக்கு நாலு பக்கம் எழுதணுமா?”

“நீங்க ஓடி ஓடிப் போட்டுவிடுறீங்க. கணக்குல அது நூத்துக்கு நூறு வாங்குது. அப்புறம் யாரு மாத்துவா?”

“நான் பாத்துக்கறேன்ல.”

“அதான் பயமே.”

கல்லுளிமங்கன், செருப்பை ஓரமாகத் தள்ளினார். “தேதியெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்றார்.

கைப்பையிலிருந்து என் சின்ன டைரியை எடுத்து அவர் முன்னால் போட்டேன். பத்தொன்பது தேதிகள், நேரம், நிமிடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எல்லாம் என் ஷிஃப்டாவே இருக்கு. மத்தவங்க ஷிஃப்டுலயும் விழுந்துச்சே?”

“அப்போ நீங்க வீட்டுல இருப்பீங்க. நான் எதுக்கு எழுதணும்?”

அவர் சிரிக்கவில்லை. விரலை ஒரு வரியில் வைத்தார். “இதென்ன பதினோரு நிமிஷம்? ரெண்டே நிமிஷத்துல கரண்டு வந்துருச்சே. எல்லாத்துலயும் கூட்டிப் போட்டிருக்க.”

“கரண்டு ரெண்டு நிமிஷத்துல வந்துச்சு. உங்க போன் பதினோராவது நிமிஷம்தான் வந்துச்சு.”

பல வருடமாகப் புள்ளிவிவரம் பார்க்கிறவள் நான். இதைவிட மட்டமான கணக்கை வேறு யாராவது அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அவர் டைரியை மூடித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியம், மற்ற ஷிஃப்டு ஆட்களிடமும் கேட்டு எழுதிய ஐம்பத்தொரு படிவங்களோடு என் மேசைக்கு வந்தார். மை பட்ட விரல்களைத் துடைக்கக்கூட இல்லை. மூன்றாம் எண் பட்டியலில் இரண்டாவது இடத்துக்கு ஏறியது. புதியது வர நான்கு மாதமாகும் என்றார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் விளக்கு அணைந்தது. கைகளைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கு வந்தது. அடுத்த நிமிடமே போன் அடித்தது. ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை அவருக்கு.

“பிரேக்கர் ரெண்டு நிமிஷம், நான் மூணு,” என்றார். “பிரிச்சு எழுதிக்கோ.”