பதினோரு மணிக் காட்சி

"காலைத் தூக்குங்க" என்றாள் அவள். அவர் தூக்கவில்லை. ஈரத் துடைப்பத்தை அவருடைய முழங்காலைச் சுற்றிக் கொண்டுபோய் நாற்காலிக்கு அடியில் தேய்த்தாள். "இன்னிக்கு என்ன வண்டி? பஸ்ஸா?"

பதில் வந்திருந்தால்தான் ஆச்சரியம். ஒருக்களித்து, இடது கையை முன்னால் நீட்டி, ஒரு காலை மடித்துக் கூடத்துத் தரையில் கிடந்தார். ஒருக்களித்தால் பஸ். குப்புறக் கிடந்தால் லாரி. மல்லாந்து கிடந்தால் தலைக்கவசம் போடாத பைக். பதினாறு வருடத்தில் அவளுக்கு இது வாய்ப்பாடு.

நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் அவருக்கு மக்கள் தொடர்பு உதவியாளர் வேலை. கட்டணம் எதற்கு, ஏன் ஏறியது என்று மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒலிபெருக்கியில் எடுத்துச் சொன்னார். வரிசையில் நின்றவர்களும் அவருக்கு எடுத்துச் சொன்னார்கள். அவருடைய பாட்டன் முப்பாட்டன் வரை ஒருவரையும் விடவில்லை. பிறகு நிர்வாகம் யோசித்தது. கட்டணத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோம். பேசுவதைவிடக் காட்டுவோம். சாவடிக்குப் பக்கத்தில் நொறுங்கிய கார் ஒன்றை நிறுத்தி, அதன் முன்னால் ஒரு பிணத்தையும் போட்டால், சண்டைக்கு வருகிறவன்கூடக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். பிணத்துக்கு ஆள் கேட்டபோது கை தூக்கியவர் அவர் ஒருவர்தான். மாதம் ஒரு காட்சி. கட்டணம் ஏறிய மாதங்களில் வாரம் இரண்டு முறை செத்தார்.

நன்றாகவே செத்தார். ஒருமுறை ஒரு காகம் அவர் நெற்றியில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து விசாரித்துவிட்டு, மரியாதையாக மார்பு வழியாக நடந்து இறங்கிப் போனது. ஒரு லாரி ஓட்டுநர் இறங்கி வந்து, "என் வண்டி இல்ல, சத்தியமா என் வண்டி இல்ல" என்று அழுதுவிட்டுப் போனார். வேலையிடத்தில் அவருக்குப் பெயரே 'பாடி அண்ணன்' என்றாகிவிட்டது. "பாடி வந்தாச்சா?" என்று மேலாளர் கேட்டால் அவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

காட்சி நாட்களில் காலையிலேயே வீட்டில் ஒத்திகை நடக்கும். இன்றும் பதினோரு மணிக்குக் காட்சி. ஆகவே ஆறேமுக்காலுக்கு அவரைப் பார்த்தவள் அவரைச் சுற்றித் தரையைத் துடைத்தாள். தலைமாட்டில் தேநீரை வைத்து மூடினாள். துணி துவைத்துக் காயப்போட்டாள். திரும்பி வந்து தட்டைத் தூக்கிப் பார்த்தால் தேநீரில் ஆடை படிந்திருந்தது.

"போதும், ரொம்பத்தான் தத்ரூபம்" என்று சொல்லித் தோளைத் தொட்டாள்.

அப்போது மணி எட்டு.

மேலாளருக்குத்தான் முதலில் போன் செய்தாள். வேறு யாருக்குச் செய்வது? பிள்ளை குட்டி இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள இருந்த ஓர் அண்ணனும் போன வருடம் போய்விட்டார்.

"சார், அவரு இறந்துட்டாரு."

"பதினோரு மணிக்குத்தானேம்மா காட்சி? எட்டு மணிக்கே எதுக்கு?"

அவள் தேநீரைத் தட்டால் மறுபடி மூடினாள். அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு தொடங்கிப் பாதியில் நின்றது. "அம்மா?" என்றது குரல். "அம்மா?"

தெருமுனை மருத்துவர் வந்து, குனிந்து, நிமிர்ந்தார். "இதயம்தான். காலையில நீங்க எப்பப் பாத்தீங்க?"

"எட்டு மணிக்கு."

மருத்துவர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடும்போது, "சில பேருக்கு விழுந்த நிமிஷமே போயிடும். சில பேரு ஒரு மணி நேரம்கூடத் தாங்குவாங்க. இவருக்கு எப்படின்னு இனிமே சொல்ல முடியாதும்மா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். ஆறேமுக்காலுக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்த ஒன்றேகால் மணி நேரம் இப்போது அவள் ஒருத்தியிடம் மட்டுமே இருந்தது. அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்குச் சாவடி ஆட்கள் பளபளக்கும் ஆரஞ்சு மேலங்கியோடு வந்தார்கள். அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைத் துணியால் மூடினார்கள். கை பழகிய வேலை. மேலாளர் வாசலில் நின்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்: "இல்ல சார், இன்னிக்குக் காட்சி இல்ல. ஆமா சார், அவருதான். இல்ல சார், நிஜமாவே."

சீட்டுக் கொடுக்கும் பெண் கடைசியாக வந்தாள். காட்சியில் பிணத்தின் மனைவி அவள்தான், ஆறு வருடமாக. உள்ளே வந்ததும் கட்டிலடியில் விழுந்தாள். "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே! ரெண்டு நிமிஷம் மெதுவா வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னிச்சுடுங்கக்கா. வேற எதுவும் வாயில வரமாட்டேங்குது."

"பரவால்ல, அழு. எனக்கு அதுவும் வரல."

பெண் அழுதாள். அழுகையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த இருவர் அவளிடமே துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். உண்மையான மனைவி சுவரோரமாக நகர்ந்து அவர்களுக்கு வழிவிட்டாள்.

கூட்டம் குறைந்த பிறகு அவள் கேட்டாள்: "ஏம்மா, அவரு அப்படிக் கிடக்கும்போது, நிஜமாவே போயிட்டாரோன்னு உனக்குப் பயமா இருக்காதா?"

"மொதத் தடவை பயந்து கத்திட்டேன்கா. அன்னிக்கு அப்படி ஒரு கைதட்டு!" பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் அண்ணன்தான் சொன்னாரு. 'கையைப் புடிச்சுக்கிட்டு அழு. நான் லேசா ஒரு அழுத்து அழுத்துவேன். உயிரோடதான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கோ'ன்னு. ஒரு நாளும் மறந்ததில்லக்கா. சில நாள் வேணும்னே லேட் பண்ணுவாரு, என்னை அழ வைக்க. ஆனா அழுத்திடுவாரு."

"எவ்வளவு லேட்?"

"என்னக்கா?"

"எவ்வளவு நேரம் கழிச்சு அழுத்துவாரு?"

"பத்து எண்ணலாம். ஒரு தடவை இருபது எண்ணிட்டேன்." பெண் கொஞ்சம் தயங்கினாள். "வீட்லயும் அப்படித்தானாக்கா?"

"வீட்ல எங்க? நான் துடைப்பத்தால இல்ல தள்ளுவேன்."

பெண் சிரித்துவிட்டாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

வண்டி வந்தது. பின்னாலேயே வந்து நின்ற ஒரு கார் ஹாரன் அடித்தது. ஆரஞ்சு மேலங்கிக்காரர்கள் நான்கு பேர் கட்டிலின் நான்கு கால்களுக்கும் குனிந்தார்கள்.

"அம்மா, தூக்கலாமா?" என்றார் மேலாளர்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெள்ளைத் துணிக்குள் கையை விட்டு, அவருடைய இடது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க."

இருந்தார்கள். வெளியே ஹாரன் மறுபடியும் அடித்தது.

"அம்மா, தெருவுல வண்டிங்க நிக்குது..."

"கொஞ்சம் இருங்கன்னு சொன்னேன்ல."

சீட்டுக் கொடுக்கும் பெண் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். குனிந்தவர்கள் குனிந்தபடியே இருந்தார்கள். கையைப் பிடித்திருந்தவளின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தலைமாட்டில் குனிந்திருந்தவருக்கு மட்டும் அது கேட்டது. இருபத்தாறு, இருபத்தேழு.