ஆறாம் அறையில் இரண்டாவது பெயர்

பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் மேடம் செவ்வாய்க்கிழமைகளில் வருவார். எங்கள் முதியோர் இல்லத்தில் கடைசி நாட்களில் இருப்பவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் அங்கே வேலை செய்யும் எங்களுக்குப் பாடம். மூன்றாவது வாரம் அப்படி இருப்பவர்களின் பட்டியல் ஒன்று போட்டோம். அதில் பெயர் ஏறியவரை ரத்த அழுத்தம் பார்க்கவென்று எழுப்பக் கூடாது. உறவினர் எந்த நேரமும் வரலாம். விழுங்க முடியாதவருக்குப் பிடித்த பானத்தில் பஞ்சுக் குச்சியை நனைத்து உதட்டில் தடவலாம்.

முதல் பெயர் ஆறாம் அறையில் இருந்த தையலம்மாவுடையது. இரண்டு மிஷின் வைத்துக் கடை நடத்தியவர். சிறுநீரகம் ஓய்ந்துவிட்டது.

அடுத்த கட்டிலில் ஜட்ஜம்மா. உண்மையில் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். தீர்ப்பு சொல்லும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டதால் நாங்கள் வைத்த பெயர்.

"அவளுக்கு என்ன தடவுற?"

"காபிம்மா."

"நான் காபி கேட்டா சக்கரை ஏறும்னு சட்டம் பேசுற. அவளுக்கு மட்டும் ஊட்டி விடுறியா?"

"அவங்க பேரு பட்டியல்ல இருக்கும்மா."

"என் பேரையும் எழுது."

"அப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"ஏன், அவ என்ன பெரிய இவளா? இந்த ரூமுக்கு முதல்ல வந்தவ நான்."

அன்றிலிருந்து ஜட்ஜம்மாவுக்கு எல்லாம் வந்தது. வாய் காய்ந்தது. கால் கனத்தது. தையலம்மாவுக்கு ஒரு தலையணை கூடுதலாக வைத்தேன். இவருக்கும் படுத்தால் மூச்சு முட்டியது. "எனக்கும் ரெண்டு வை" என்றார்.

குறிப்பேட்டில் எழுதினேன்: 'பக்கத்துக் கட்டில்மீது பொறாமை. கவனத்தை எதிர்பார்க்கிறார்.' தினமும் அதே வரி.

பொறாமை எனக்குத் தெரியாததா? உயிரியலில் பட்டம் வாங்கியவள் நான். வகுப்பில் மேடம் பாராட்டியது சமையல் செய்யும் கிச்சனக்காவை. எட்டாவது படித்தவர், கதவோரம் நின்று கேட்டவர். "இவங்க கண்ணு யாருக்கும் வராது" என்றார் மேடம். அந்த வாரம் தையலம்மாவைப் பற்றிய குறிப்புகளை மேடம் கண்ணில் படட்டும் என்று இரண்டு நிற மையில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா ஒரு தட்டோடு வந்தார்.

"ஏ பொண்ணு, ஜட்ஜம்மா தட்டு பாதி அப்படியே திரும்பி வருது. மூணு நாளா."

"தையலம்மா சாப்பிடறதில்லல்ல. அதனால இவங்களும் அடம் பிடிக்கறாங்க."

"அடம் பிடிக்கறவங்க சத்தம் போடுவாங்க. இவங்க வாயில வச்சுக்கிட்டே தூங்கிடறாங்கடி."

"எனக்குத் தெரியும்க்கா."

அவ்வளவு அழுத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனார். தட்டு விஷயத்தை நான் எழுதவில்லை. எழுதினால் அது அக்கா கண்டுபிடித்ததாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை மேடம் குறிப்பேட்டைப் புரட்டினார். ஒரு பக்கம் வந்ததும் புரட்டுவதை நிறுத்தினார்.

"பொறாமைன்னு எழுதியிருக்கீங்களே, இத எத வச்சு அளந்தீங்கம்மா?"

வகுப்பு சிரித்தது.

"இது நீங்க நினைச்சது. பார்த்தது எங்க?"

கதவோரம் அக்கா நின்றிருந்தார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தட்டு பாதி திரும்பி வருதுன்னு அக்கா சொன்னாங்க மேடம். வெள்ளிக்கிழமையே. நான்தான் எழுதல."

மேடம் எழுந்து நேராக ஆறாம் அறைக்குப் போனார். போர்வையை விலக்கி ஜட்ஜம்மாவின் வீங்கியிருந்த கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி நின்றது. ஒரு வாரமாக நான்தான் அந்தப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் டாக்டர் வந்தார். இதயம் என்றார். மருந்தால் மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், ஆனால் இனி வாரக் கணக்குதான் என்று, கேட்ட ஜட்ஜம்மாவிடமே சொன்னார்.

விருப்பங்களை எழுதிக்கொள்ளும் தாளை மேடம் என்னிடமே நீட்டினார். எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"பேரு போட்டாச்சா?" என்றார் ஜட்ஜம்மா.

"போட்டாச்சும்மா."

"எத்தனாவது?"

"ரெண்டாவது."

பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "அதானே. இதுலயும் அவதான் முந்திக்கிட்டா."

"நீங்க சொன்னப்ப நான் நம்பலம்மா. மன்னிச்சிடுங்க."

"பொறாமையும் இருந்துச்சு. அத நீ தப்பா எழுதல." மூச்சு வாங்கிக்கொண்டார். "மிச்சத்த விட்டுட்ட."

தாளில் அடுத்த கேள்வியைப் படித்தேன். கடைசி நேரத்தில் பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? மகன் பெயரைச் சொல்வார் என்று பேனாவைத் தயாராக வைத்தேன்.

"கட்டில அவ பக்கமா நெருக்கிப் போடு."

"தையலம்மா பக்கமா?"

"பின்ன? அவளுக்கு என்னென்ன செய்யறீங்கன்னு நான் பாக்க வேணாமா?"

சொன்னதை அப்படியே எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பிறகு கட்டிலைத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, கொஞ்சம் வரீங்களா? என்னால தனியா முடியல."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அக்கா வந்தார். கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தவர் கீழே எட்டிப் பார்த்தார்.

"சக்கரத்துப் பூட்ட எடுத்தியா?"

எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. குனிந்து எடுத்தேன்.