காலையில் கபரகொய்யா, மாலையில் உடும்பு

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. அது கூட்டித் தள்ளிய குப்பையோடு வந்தது.

இரத்தினபுரியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் எங்கள் மாலை வகுப்பு நடக்கிறது. வகுப்பு முடிந்ததும் மாடியைக் கூட்டுகிறவர் கிருஷ்ணகுமாரி. அன்று மழை விடவில்லை. நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். ஜுனைதீன் சேர் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போன வீட்டுவேலை இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது: "தண்ணீர் – ஒரு சிறுகதை எழுதுக."

"தண்ணின்னா எழுதியிருக்கு தம்பி?"

"ஆமாங்க. அதப் பத்திக் கதை எழுதணும்."

"தண்ணிக்கு என்னா கதை? மேலருந்து கீழ வரும். கீழ இருக்கிறவன் குடிப்பான்."

அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, முன்பு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்தபோது நடந்த மீதியையும் சொன்னார், மழை விடும் வரைக்கும்.

(பங்களாவில் வேலை செய்த பெண் இப்போது கடை மாடியைக் கூட்டுகிறார் என்றால், தோட்ட மனேஜரான துரையை எதிர்த்துப் பேசி வேலை போயிருக்கும் என்று நீங்கள் இதற்குள் முடிவுகட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் அவசரப்பட்டேன்.)

2

தொடக்கங்கள்.

"நீல நிறத் தடாகத்தில் வானம் மிதந்தது." [அடித்துவிட்டேன். மிதந்தது வானம் அல்ல.]

"கிருஷ்ணகுமாரி ஓர் ஏழைத் தோட்டத் தொழிலாளி." [அடித்துவிட்டேன். தோட்டத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடிதத்துக்கு முத்திரை ஒட்டுவதுபோல முதலில் இதை ஒட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உள்ளே என்ன இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும்.]

"அவள் குனிந்து பார்த்தபோது –" [இங்கே நின்றுவிட்டேன்.]

ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டும். நேரில் நான் 'அவர்' என்கிற ஆள் கதைக்குள் காலெடுத்து வைத்ததும் 'அவள்' ஆகிவிடுகிறார். துரை மட்டும் கதைக்குள்ளும் 'அவர்'தான். 'துரை வந்தார், துரை சிரித்தார்'. இது வழக்கம் என்றார் ஜுனைதீன் சேர். வழக்கம்தான். இந்தக் கதையில் கிருஷ்ணகுமாரி 'அவர்', துரை 'அவன்'. உங்களுக்குச் சற்று உறுத்தும். இரண்டு பக்கம் போனால் பழகிவிடும், மற்றதெல்லாம் பழகிவிட்டதே.

3

சண்டை ஓய்ந்திருந்த காலம், 2003 மாசி. கொழும்புக்காரர்களுக்கு மலை பார்க்கும் ஆசை வந்திருந்தது. பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தின் பங்களாவை விருந்தினர் விடுதியாக்கி, வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன சிமெந்துத் தொட்டிக்கு நீல ஓடு பதித்து, நீச்சல் குளம் என்று பெயர் வைத்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அதன் பெயர் தொரக் குளம். சனிக்கிழமை கம்பனி டிரெக்டரின் குடும்பம் வரவிருந்தது. வியாழக்கிழமை காலையில் குளத்தில் ஏதோ மிதந்தது.

இலை அள்ளும் வலையோடு போன கிருஷ்ணகுமாரி அதை முதலில் மரக்கட்டை என்று நினைத்தார். கட்டைக்குக் கால் இருந்தது. வயிறு ஊதி மேலே வந்திருந்தது. கறுப்புத் தோலில் மஞ்சள் வளையங்கள். அவர் வாச்சர் ஐயாவுவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, கபரகொய்யா செத்துக் கெடக்கு."

ஐயாவு எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "நேத்தே செத்திருக்கும் போல. நீ பாக்கலியா?"

"நேத்து எனக்கு லீவு. நீங்கதானே காவலு. எதக் காத்தீங்க?"

"நான் களவாணிக்குத்தான் காவலு தங்கச்சி. இதுக்கில்ல."

துரை அரைக் காற்சட்டையோடு வந்து தூரத்திலேயே நின்று பார்த்தான். கையில் போன் இருந்தது. கொழும்புக்குச் சிங்களத்தில் சொன்னான். பிறகு இவர்கள் பக்கம் திரும்பித் தன்னுடைய தமிழில் சொன்னான்.

"கபரகொயா. தண்ணி எல்லாம் விஷம். டிரெக்டர் மாத்தயா புள்ளைங்க ஒரு வாய் குடிச்சா என் வேலை முடிஞ்சது. எல்லாம் எறக்கணும். ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

ஐயாவு கயிறு போட்டு அதை இழுத்து வாழைகளுக்குப் பின்னால் புதைத்தார். நாற்றம் அடங்கட்டும் என்று துரை ஒரு மூடை ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கொட்டச் சொன்னான். கிருஷ்ணகுமாரி முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு கொட்டினார். கண் மத்தியானம் வரை எரிந்தது. தண்ணீர் இறங்கியதும் உள்ளே இறங்கி ஓடு ஓடாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை பலாங்கொடையிலிருந்து பவுசர் லொறியில் புதுத் தண்ணீர் வரும்.

[கபரகொய்யா உடும்பின் இனம்தான், தண்ணீரோரம் வாழ்கிற பெரிய வகை. அது விஷம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உடும்பைச் சிலர் கறி வைத்துத் தின்பார்கள். கபரகொய்யாவைத் தொடக்கூட மாட்டார்கள். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்று வகுப்பில் ஸுமைரா சொன்னாள். தின்று பார்த்துவிட்டு வந்து சொன்னவர் யாரும் இல்லை. இந்தக் கதைக்கு அது தேவையுமில்லை. செத்து ஊறிய தண்ணீர் எதன் தண்ணீராக இருந்தாலும் குடிக்க ஆகாது. அதன்மேல் ஒரு மூடை பவுடர் வேறு.]

4 (இந்தப் பகுதியை எடுத்துவிடலாம்)

இதுவரை எழுதியதை வகுப்பில் வாசித்தேன்.

"நல்லா ஈக்கி," என்றார் ஜுனைதீன் சேர். "ஆனா குறியீடு வெளங்கணும். அந்தக் குளம் என்னத்த குறிக்குது?"

"குளத்தைத்தான் சேர்."

"கபரகொய்யா?"

பின் வரிசையிலிருந்து ஒருவர் அது சுரண்டலைக் குறிக்கிறது என்றார். இன்னொருவர், இல்லை, சுரண்டப்பட்டவர்களைக் குறிக்கிறது என்றார். அரை மணி நேரம் சண்டை நடந்தது. எனக்குத் தெரிந்தவரை அது எதையும் குறிப்பதற்காகச் சாகவில்லை. குளத்துக்கு நாலு பக்கமும் வழுக்குகிற ஓடு. ஏணியைச் சனிக்கிழமைக்குள் பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஏறி வர இடம் இல்லை. நீந்தத் தெரிந்த பிராணிதான்.

ஸுமைரா மட்டும், "அந்தத் தண்ணிய எங்க ஊத்தின?" என்று கேட்டாள். சேர் அதற்குள் பலகையை அழிக்கத் தொடங்கிவிட்டார்.

5

துரையை வெறும் கெட்டவனாக எழுதக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. ஆகவே அவனுக்கு ஒரு நல்ல குணம் கொடுக்க முயன்றேன். கிருஷ்ணகுமாரியிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்து, "ரோசாச் செடின்னா உசுரு," என்றார். துரை விடிந்ததும் எழுந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுப் பார்ப்பானாம். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த ஊதா. சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். அந்த நல்ல குணம்தான் அவனை இன்னும் மோசமாக்கியது. அதற்கு நான் பொறுப்பில்லை.

குளத்துத் தண்ணீரை வெளியேற்ற இரண்டு வழி. மோட்டார் வைத்து இறைத்தால் பங்களாத் தோட்டத்துப் பக்கம் போகும். நிலத்தில் இரும்பு மூடிக்குக் கீழே இருக்கும் வால்வைத் திறந்தால் வடிகால் கான் வழியாக ஓடைக்குப் போகும். ஓடையிலிருந்துதான் கீழ் லயத்துக்குக் குடிதண்ணீர் விழும் பீலி. கிருஷ்ணகுமாரியின் வீடும் அந்த லயத்தில்தான். மழைக்காலத்தில் வால்வைத் திறந்தால் ஓடை பொங்கி ஓடும் வேகத்தில் யாருக்கும் தெரியாது. இது மாசி. ஓடை நூல்போல ஓடியது. பீலியில் விடியற்காலையிலேயே குடமும் கேனும் வரிசை கட்டி நிற்கும். தன்னுடைய மஞ்சள் கேனை வரிசையில் வைத்துவிட்டுத்தான் கிருஷ்ணகுமாரி வேலைக்கு வந்திருந்தார். முறை வந்தால் பக்கத்து வீட்டு இருளாயி நிரப்பி வைப்பார்.

[அவர் 'கேன்' என்றுதான் சொன்னார். மஞ்சள் நான் பூசியது. கபரகொய்யாவின் வளையத்தோடு பொருந்தும் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது; ஆனாலும் அடிக்கவில்லை.]

கொழுந்து எடுக்கப் போனவர்கள் மலையிலிருந்து இறங்கும் நேரம். வால்வுச் சாவி கிருஷ்ணகுமாரியின் கையில் இருந்தது. முழங்கை நீளத்துக்கு இரும்புச் சாவி.

"ஐயா, மோட்டர போட்டு இந்தப் பக்கமே எறைச்சிருவமா?"

"ரோஸ்?" என்றான் துரை. "பவுடர் தண்ணி பட்டா எல்லாம் கருகும். தெரியாதா? வால்வு தொற."

"கான் தண்ணி ஓடைக்குப் போகுதுங்க. எங்க பீலி அதுலதான்."

"சரி, அதுக்கு?"

"கபரகொய்யா செத்த தண்ணிங்க."

துரை சிரித்தான். "யார் சொன்னது கபரகொயா? அது தலகொயா. உடும்பு. நீங்க ஆளுங்க கறி வச்சி சாப்பிடுறதுதானே."

"காலையில நீங்கதாங்க கபரகொய்யான்னு போன்ல சொன்னீங்க."

"காலையில வேற பேச்சு. ஏய் ஐயாவு, நீதானே பொதைச்சது. என்ன அது?"

ஐயாவு துரையின் முகத்தைப் பார்த்தார், கிருஷ்ணகுமாரியின் முகத்தைப் பார்த்தார், கடைசியில் வாழை மரத்தைப் பார்த்தார். "ஒடம்பு ஊதிப் போச்சுங்க. ஐயா சொன்னா உடும்புதான்."

"மஞ்ச வளையம் இருந்துச்சே அண்ணே."

"பொதைக்கிறப்ப இல்ல."

"அப்ப உடும்பு செத்த தண்ணிய ரோசாவுக்கே ஊத்தலாமுங்களே," என்றார் கிருஷ்ணகுமாரி.

துரையின் சிரிப்பு நின்றது.

"சரிங்க. ஒரு நட கீழ போயி, தண்ணி அள்ளாதீங்கன்னு சொல்லிட்டு வந்து தொறக்கிறேங்க."

"என்னன்னு சொல்லுவே? கபரகொயான்னா? லயம் பூரா இங்க வந்து நிக்கும். தொற. இல்லாட்டி சாவிய அங்க வச்சிட்டு நாளைக்கு மலைக்குப் போ."

மலை என்றால் கொழுந்து மலை. கிருஷ்ணகுமாரியின் வலது முழங்கால் இரண்டு வருஷத்துக்கு முன்பே மலையை விட்டுவிட்டது. அதனால்தான் பங்களா வேலை.

6

இந்த இடத்தில் அவருடைய மனப் போராட்டத்தை ஒரு முழுப் பக்கம் எழுதினேன். அதில் சூரியன் மறைந்தது, பறவைகள் கூடு திரும்பின, நெஞ்சுக்குள் இரண்டு குரல்கள் வாதாடின. வாசித்துப் பார்த்தால் பேசுவது இரண்டுமே என் குரலாக இருந்தது. கிழித்துவிட்டேன். சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எப்படி இருந்தது என்று கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கை வேர்த்துச்சு."

7

முடிவுகள்.

(அ) திறக்கிறார். தண்ணீர் கான் வழியாக இறங்குகிறது. வால்வைத் திறந்தது யார் என்று மறுநாளே லயத்துக்குத் தெரிந்துவிடுகிறது. திறக்கச் சொன்னது யார் என்று யாரும் கேட்பதில்லை. அது எப்போதும் தெரிந்ததுதான். பீலியில் அவருடைய கேனை யாரும் நிரப்புவதில்லை. இருளாயிகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அப்படியே எத்தனை நாள் இருப்பது? இரத்தினபுரி பஸ் ஏறுகிறார். புடைவைக் கடை, மேல்மாடி, விளக்குமாறு.

(ஆ) சாவியைக் கீழே வைத்துவிட்டுப் போகிறார். ஐயாவு எடுத்துத் திறக்கிறார். தண்ணீர் அதே கான் வழியாக அதே பீலிக்குப் போகிறது. கிருஷ்ணகுமாரி ஓடிப்போய்ச் சொல்வதற்குள் போய்விடுகிறது, முழங்கால் அப்படி. மறுநாள் மலைக்கு ஏறிப் பார்க்கிறார், பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். வேலை போகிறது. இரத்தினபுரி பஸ். மேல்மாடி, விளக்குமாறு.

(இ) லயமே திரண்டு வருகிறது. மோட்டாரைப் போடுகிறார்கள். விஷத் தண்ணீர் ரோஜாக்களுக்குப் பாய்கிறது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா எல்லாம் இலை சுருண்டு கருகுகின்றன. துரை முழந்தாளிட்டு அழுகிறான்.

மூன்றாவதை வகுப்பில் வாசித்தேன். கைதட்டினார்கள். ஜுனைதீன் சேர் எழுந்துவந்து தோளில் தட்டினார். ரோஜாக்கள் கருகுவதற்கு மட்டும் மூன்று பத்தி எழுதியிருந்தேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

எல்லோரும் போன பிறகு அதையே கிருஷ்ணகுமாரிக்கு வாசித்துக் காட்டினேன். விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"நல்லாருக்கு தம்பி. அப்ப நான் ஏன் இங்க கூட்டிக்கிட்டிருக்கேன்?"

மற்ற இரண்டையும் வாசித்தேன். அவர் கூட்டத் தொடங்கினார்.

"இதுல எதுங்க நடந்துச்சு?"

"எதுக்குக் கேக்கிறீங்க? தொறந்தேன்னா என்னைய ஒரு மாதிரியாப் பாப்பீங்க. தொறக்கலன்னா கதையில பெரியாளாக்கிருவீங்க. ரெண்டுக்கும் இந்த வெளக்கமாறுதான்."

"இல்லீங்க, கதைக்கு ஒரு முடிவு –"

"காலத் தூக்குங்க தம்பி."

தூக்கினேன். என் நாற்காலிக்குக் கீழே நான் கிழித்துப்போட்ட பறவைகளும் சூரியனும் கிடந்தன. அவர் அவற்றைக் கூட்டி வாளியில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

8

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. கிருஷ்ணகுமாரி சொல்ல மாட்டார். துரையைக் கேட்டால் அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை என்பான். ஐயாவு, நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதுதான் என்பார். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

சாவியைப் பிடியுங்கள். கொஞ்சம் ஈரமாக இருக்கும். கீழே பீலியில் இருளாயி ஒரு கேனை நகர்த்தி அடுத்த கேனை வைக்கிறார். வால்வைத் தொடுவதற்கு முன்னால் அது உடும்பா, கபரகொய்யாவா என்று நீங்கள் சொல்லியாக வேண்டும். அவசரம் வேண்டாம், நிதானமாக யோசியுங்கள். நீங்கள் குடிப்பது அந்தப் பீலியில் இல்லையே.