ஜ்யோத்ஸ்னாவின் கோர்ட்

டெல்லி துவாரகாவில் ஒரே மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டு வக்கீல் ஆபீஸ் ஆரம்பித்தவர்கள் மதுமதியும் ஜ்யோத்ஸ்னாவும். ஜ்யோத்ஸ்னா பரீட்சை எழுதி ஜட்ஜாகிப் போய்விட்டாள். ஜட்ஜோடு வக்கீல் உறவாடினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று இரண்டு பேரும் போனில்கூடப் பேசிக்கொள்வதில்லை. ஆபீஸ் என்னவோ ஆறு ஜூனியர்களோடு ஜேஜே என்று வளர்ந்தது. ஆனால் சாயங்கால டீயை மதுமதி தனியாகத்தான் குடித்தாள்.

அன்று ஜூனியர் அருள்ராஜ் வந்து நின்றான்.

“மேடம், நம்ம புது கேஸ் ஜ்யோத்ஸ்னா மேடம் கோர்ட்லயே விழுந்திருக்கு. பழைய பார்ட்னர் கேஸை எடுக்க மாட்டாங்க, வேற கோர்ட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஒரு நிமிஷ வேலை. நான் ஜல்தியா போய்ட்டு வந்துடறேன்.”

“நீ இரு, நான் போறேன்.”

“இதுக்குப் போய் நீங்களா?”

“ஏம்பா, எனக்குக் கோர்ட்டுக்கு வழி தெரியாதா?”

கேஸைக் கூப்பிட்டதும் மதுமதி எழுந்து நின்றாள். ஜ்யோத்ஸ்னா இளைத்திருந்தாள், கண்ணாடி புதுசு. கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றும் மூன்று வரி உத்தரவுதான். எப்போதும் படபடவென்று பேசுகிறவள், அன்று ஸ்டெனோவுக்கு ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

மதுமதி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.