நடாமல் வளர்ந்த கண்டல்

பஹ்மிதாவை முதன்முதலில் பார்த்த அன்று என் லொறியில் உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரத்தின் கன்றுகள் இரண்டாயிரம் இருந்தன. பாலமுனைப் பக்கத்து உப்பங்கழிக் களப்பில், மண்பாதைக்கு உட்புறம் வெறும் சேறாகக் கிடந்த நிலத்தில் அவற்றை நடுவதற்காக வன அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. மூன்றாவது வருடமாக அதே இடம். முதல் இரண்டு வருடமும் நட்டவை பட்டுப்போயிருந்தன. ஆடு தின்றுவிட்டது என்று அறிக்கையில் எழுதியிருந்தேன்.

அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டு பிடிக்கும் கூடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கன்றுகளைப் பார்த்ததும் கரையேறி வந்தாள்.

"இந்த முறையும் சாகத்தான் போகுது சேர்."

"இந்த முறை வேலி போடுறம். ஆடு வராது."

"ஆடு என்ன செஞ்சிச்சு? இதுக்குள்ள தண்ணி வரவும் வழியில்ல, போகவும் வழியில்ல. மாரியில மூழ்கி அழுகும். கோடையில உப்புப் பூத்துக் கருகும்." பாதையின் மறுபுறத்தைக் காட்டினாள். "அங்கால நிக்கிறதெல்லாம் ஆரு நட்ட?"

அங்கே கண்டல்கள் அடர்ந்து, வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றி நின்றன. மூன்று வருடமாக அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன். ஒரு தடவையும் யோசிக்கவில்லை.

மீன் லொறி கரைவரைக்கும் வருவதற்காக மீனவர்களே போட்ட பாதை அது. அடியில் ஒரு குழாய்கூட இல்லை.

"ரெண்டு இடத்துல வெட்டிக் குழாய் போட்டாப் போதும். மரம் தன்பாட்டுல வரும்," என்றாள்.

"எனக்கு நடத்தான் உத்தரவு, தங்கச்சி."

"அப்ப நட்டுட்டுப் போங்க." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் இறங்கினாள். கன்றுகளை இறக்க எனக்குக் கை வரவில்லை. லொறியைத் திருப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து மீனவர் சங்கக் கூட்டத்துக்கு வரச்சொல்லி அழைத்தாள். கரையில் மீன் கொட்டும் வாடிக் கொட்டிலில் ஐம்பது பேர் இருந்தார்கள். தலைவர் முத்தலிப் காக்கா எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

"ஒரு நாள் லொறி வராட்டி மீன் நாறிப் போகும் புள்ள. மரத்துக்காக ரோட்ட வெட்டச் சொல்றியா?"

பஹ்மிதா எழுந்தாள். இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தாள். ஒன்றில் பெரிய நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெரிந்தன. மற்றதில் உள்ளங்கையளவு நண்டுகள் நாலு.

"ரெண்டு பக்கமும் பத்துப் பத்துக் கூடு. ஒரே ராவு வெச்சன். இது கண்டலுக்குள்ள புடிச்ச. இது ரோட்டுக்கு இங்கால. ரோடு போட முந்தி இங்கயும் நண்டு இருந்திச்சு, எல்லாருக்கும் தெரியும். நான் வேற ஒண்டும் கதைக்க வரல்ல."

முத்தலிப் காக்கா குனிந்து சிறிய நண்டொன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். திரும்பக் கூடைக்குள் விட்டார்.

"எத்தின நாளைக்கு ரோட்ட மூடணும்?"

"ஒரு நாள். வெள்ளிக்கிழமை கடலுக்குப் போறல்லதானே. விடிய சுபஹ் தொழுதுட்டுத் தொடங்கினா பொழுதுபட மஃரிபுக்கு முந்தி முடிக்கலாம்."

"ஓம், அப்ப வெட்டுவம்," என்றார் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் போனேன். ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் வேலையை நிறுத்தினார்கள். சங்கம் வாங்கிய கொங்கிரீட் குழாய்களை உழவு இயந்திரம் இழுத்து வந்தது. பஹ்மிதா மண்வெட்டியோடு பள்ளத்துக்குள்ளேயே நின்றாள். கடைசி மண்ணை அகற்றியதும் தண்ணீர் முதலில் தயங்கி, பிறகு குழாய்க்குள் சுழித்துக்கொண்டு ஓடியது. அவள் கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். "இழுக்குது!" என்று சத்தமாகச் சிரித்தாள். ஆண்கள் கூடி நிற்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மாரி வந்தது. மணல்திட்டு உடைந்து ஆற்றுவாய் கடலுக்குத் திறந்தது. மறுபுறத்து மரங்களிலிருந்து உதிர்ந்த நீண்ட காய்கள் குழாய் வழியாக மிதந்து வந்து சேற்றில் குத்தி நின்றன. அடுத்த மாரிக்குள் முழங்கால் உயரத்துக்கு இளம் கண்டல்கள், எண்ணி முடியாத அளவுக்கு.

நட்ட கன்றுகள் பூச்சியம் என்று அறிக்கை அனுப்பினேன். மேலதிகாரி தொலைபேசியில் கத்தினார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வந்தார். பாதையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இத ஆரு செஞ்ச?"

பஹ்மிதாவைக் காட்டினேன். அவர் பாராட்டிப் பேசத் தொடங்கினார். அவள் மரியாதைக்குக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு இடைமறித்தாள்.

"சேர், வடக்கால இந்த ரோடு மாதிரியே தண்ணிய மறிச்ச ஒரு அணைக்கட்டு இரிக்கி. அங்கயும் தண்ணி செத்துக் கிடக்கு. வாங்க காட்டுறன்."

சொல்லிக்கொண்டே நடந்தாள். மேலதிகாரி சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.